மாநிறம் என்று எழுதினேன்

எங்கள் குடும்பத்தில் காணாமல் போனவர் ஒரே ஒருவர்தான், என் அப்பா. வெட்கம் கெட்டவர்கள் பத்துப் பதினைந்து பேர் தேறுவோம். 'தேறுவார்கள்' என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் என்னைக் கழித்துவிட்டு இதைச் சொல்ல முடியாது. விசாரிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் அவர் குடிப்பாரா, சீட்டாடுவாரா, வேறு எங்காவது தொடுப்பு உண்டா என்று அவரையே தோண்டினார்கள். வீட்டில் மிச்சமிருந்த எங்களைப் பார்த்து, நீங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே விளங்கியிருக்கும்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் மாடம்பாக்கத்தில் இருந்தோம். சிவன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஓட்டு வீடு. அப்பா, அம்மா, பெண்கள் இரண்டு பேர், அக்காவும் நானும். அப்பாவுக்குச் சைதாப்பேட்டையில் ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலை. காலையில் பஸ் பிடித்துத் தாம்பரம் போவார், அங்கிருந்து எட்டு இருபது மின்சார ரயில். அவருக்கு நாற்பது வயதில் இடது கை விரல் நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் அது இரண்டு புறங்கைகளிலும் பரவி, உதட்டிலும் கண்ணோரத்திலும் ஏறிவிட்டது. தாம்பரத்து டாக்டர் பார்த்துவிட்டு, "இது தொத்தாது, வலிக்காது, ஒண்ணும் பண்ணாது. நிறம் போயிருக்கு, அவ்வளவுதான்" என்றார். எங்கள் சொந்தக்காரர்கள் டாக்டரைவிடப் படித்தவர்கள். அவர்கள் வெண்குஷ்டம் என்றார்கள்.

அதையும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'அது'. "அது கொஞ்சம் கொறைஞ்சிருக்கோ?" "அது கழுத்துக்கு வராம பாத்துக்கோ." அம்மா நாட்டு மருந்துக் கடையில் கார்போக அரிசி என்ற விதையை வாங்கி அரைத்துப் பூசி அவரை வெயிலில் உட்கார வைப்பாள். தோல் கொப்பளித்ததுதான் மிச்சம். கல்யாண வீடுகளில் அப்பாவுக்குக் கடைசிப் பந்தி, ஓர இலை. ஒருமுறை மாடம்பாக்கம் கோயிலில் அப்பா விபூதியை வாங்கி எங்கள் அத்தையிடம், அதாவது பெரிய மாமாவின் மனைவியிடம், நீட்டினார். அத்தை புடவைத் தலைப்பைச் சரிசெய்கிற சாக்கில் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்விட்டாள். அப்பா அந்த விபூதியைத் தானே பூசிக்கொண்டு என்னிடம் குனிந்து, "பாத்தியா, எனக்குத் தனி இலை, தனி டம்ளர், தனி விபூதி. மந்திரிக்குக்கூட இந்த மரியாதை கெடையாது" என்றார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அத்தையின் கையைப் பிடித்து இழுத்து அதில் விபூதியைக் கொட்டியிருக்க வேண்டும்.

அக்காவுக்குக் குரோம்பேட்டையை ஒட்டிய அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு எழும்பூரில் வேலை. நல்ல குடும்பம், சொந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், சனிக்கிழமையே அத்தையோடு வந்து இறங்கிவிட்டார். அவர் பேங்கில் ஆபீசர். அந்த ஒரே காரணத்துக்காக எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான் ஜட்ஜ். நாற்காலியில் சாய்ந்து காபியைக் குடித்துவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மாப்ளே, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே ஒரு நாளைக்குத்தான். நிச்சயம் ஆயிட்டா அப்புறம் யார் என்ன கேக்கப் போறாங்க? நீங்க பாட்டுக்கு முடிச்சூர் மனையைப் போய்ப் பாத்துட்டு வாங்களேன். வெளியூர் போயிருக்கார்னு நான் சொல்லிக்கறேன்."

முடிச்சூரில் வயலைக் கூறுபோட்டு விற்றபோது அப்பா ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். நாலு மூலையில் நாலு கல், நடுவில் சேறு. அதில் பார்க்க ஒன்றும் கிடையாது. பெண்ணைப் பெற்றவரை வெளியே அனுப்பிவிட்டுப் பெண் பார்ப்பதா என்று கேட்க, அந்த அறையில் மாமாவைச் சேர்க்காமல் ஐந்து பேர் இருந்தோம். அத்தை தலையை ஆட்டினாள். அம்மா தரையைப் பார்த்தாள். அக்கா உள்ளே போய்விட்டாள். நான் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தேன். அப்பா மட்டும்தான் பேசினார். "எத்தனை மணிக்கு மேல வரலாம்?" என்று கேட்டார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை, நிஜமாகவே மணிதான் கேட்டார்.

"ஆறு மணிக்கு மேல வாங்க. அதுக்குள்ள கெளம்பிடுவாங்க" என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தயிர்சாதம் கட்டிக் கொடுத்து, "கொஞ்சம் சீக்கிரம் கெளம்புங்க, வீடு வாசல் கழுவணும்" என்றாள். இந்த ஒரு வாக்கியத்தைப் பிற்பாடு அவள் எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன். அப்பா குடையை எடுத்துக்கொண்டார். வாசலில் என்னைக் கூப்பிட்டு, "பையன் எப்படி இருக்கான்னு நீதான் பாத்துச் சொல்லணும். உங்க மாமா சொல்றதை நான் நம்ப மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். தெருமுனையில் திரும்பினார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பஜ்ஜி, கேசரி. பெண்ணின் அப்பா எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். "ஒரிசாவுக்கு டெபுடேஷன்ல போட்டுட்டாங்க. ஆறு மாசம் ஆகும். எல்லாப் பொறுப்பும் என் தலையில" என்று மாமா பெருமூச்சு விட்டார். சைதாப்பேட்டை குமாஸ்தாவை ஒரிசாவுக்கு எதற்கு அனுப்புவார்கள் என்று கேட்க அவர்களுக்கும் தோன்றவில்லை, கேசரி நன்றாக இருந்தது. பெண் பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். ஆறு மணி ஆயிற்று. அப்பா வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மானமுள்ள எந்தக் குடும்பமும் அந்த நேரத்தில் என்ன செய்யும்? தெருத்தெருவாக ஓடும். எங்கள் குடும்பம் நிச்சயதார்த்தத்துக்குப் பாக்கு வெற்றிலை வாங்க ஓடியது. அடுத்த ஞாயிறே நிச்சயம் என்று மாமா ஒப்புக்கொண்டிருந்தார். இப்போது போலீசுக்குப் போனால் அஸ்தினாபுரத்துக்கு எட்டிவிடும், காரியம் கெட்டுவிடும். "கோவிச்சுக்கிட்டு எங்கேயாவது போயிருப்பார். பசிச்சா தானா வந்துடுவார்" என்றார். அப்பாவின் ஆபீசுக்கு அவரே உட்கார்ந்து ஒரு லீவு லெட்டர் எழுதினார். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கீழே அப்பாவின் கையெழுத்தையும் போட்டார். அடேயப்பா, என்ன நேர்த்தி! பேங்க் ஆபீசர் அல்லவா, கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்.

மாமாவுக்குத் தெரியாமல் நானும் அம்மாவும் மூன்றாம் நாள் முடிச்சூருக்குப் போனோம். மனைக்கு எதிரே கீற்றுக் கொட்டகையில் டீக்கடை வைத்திருந்தவர் அப்பாவைப் பார்த்திருந்தார்.

"ஆமாம்மா, கொடைய வெச்சிகினு அந்தக் கல்லு மேலயே குந்திகினு இருந்தாரு. மூணு நாலு தபா வந்து மணி இன்னான்னு கேட்டாரு. இன்னும் ஆறு ஆவல சார்னு சொன்னேன். அப்பால எப்ப போனாருன்னு பாக்கல. ஏம்மா, வூட்டுக்கு வரலியா?"

அம்மா அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டீக்கடைக்காரர் கேட்டதற்கு நான் என்னவோ சொல்லிச் சமாளித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா, "கோவத்துல போனாரா, வழி தெரியாம எங்கேயாவது மாட்டிக்கிட்டாரா? எது?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் அவள் கேட்டது அந்த ஒரு கேள்விதான். கோபத்தில் போயிருந்தால் அவர் அவளை விட்டுப் போனவர். வர முடியாமல் கிடந்தால் அவர் அவளுடையவர். அந்த இரண்டில் எது என்று தெரியாமல் அவளால் சாமி கும்பிடக்கூட முடியவில்லை, என்னவென்று வேண்டிக்கொள்வது?

நிச்சயதார்த்தம் கனஜோராக நடந்தது. மறுநாள், அதாவது அப்பா போன ஒன்பதாம் நாள், மாமா எங்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். அங்கே எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு, அவரை ரைட்டர் என்பார்கள், எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒம்போது நாளா இன்னா சார் பண்ணிகினு இருந்தீங்க? ஆட்டுக்குட்டி காணாப்பூட்டாகூட அன்னிக்கே ஓடியாருவானுங்க!"

மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அந்த ஏட்டு பீடி நாற்றமும் அழுக்குப் பனியனுமாக உட்கார்ந்திருந்தார். நான் அப்போது பி.ஏ. இரண்டாம் வருஷம், மூக்கைச் சுளித்தேன். இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், அந்த வாரத்தில் நாங்கள் சந்தித்தவர்களில் ஒழுங்காக ஒரு வார்த்தை பேசியவர் அவர் ஒருத்தர்தான். மனுவை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் பேனா என் கைக்கு வந்தது.

வயது எழுதினேன். உயரம் எழுதினேன். உடுத்தியிருந்த சட்டை, வேட்டி, கையில் குடை. அங்க அடையாளம் என்று வந்ததும் என் பேனா நின்றது. மாமா என் தோளுக்கு மேலாகக் குனிந்து, "மாநிறம்னு போடும்மா. இடது முழங்கால்ல ஒரு தழும்பு. போதும்" என்றார். வேட்டி கட்டிய மனிதனின் முழங்கால் தழும்பை யார் பார்ப்பார்கள்? நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா என் காதில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா கல்யாணம் நடக்கணுமா வேண்டாமா?" என்றார். நான் மாநிறம் என்று எழுதினேன்.

கொடுத்த போட்டோவும் அப்படித்தான். ஸ்டுடியோவில் கோட்டு மாட்டி எடுத்தது, 'அது' வருவதற்குப் பல வருஷம் முந்தி. தலை நிறைய முடி, மீசை, பளிங்கு மாதிரி முகம். ஏட்டு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்த போட்டா? சரி, வேற எதுனா கீதாம்மா? மாறுகண்ணு, ஆறாவது வெரலு, தீக்காயம்... பாத்தா டக்குனு தெரியிறாப்ல?"

நேராக என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "இல்ல சார்" என்றேன். யாரும் என் வாயைப் பொத்தவில்லை, நானேதான் சொன்னேன்.

இரண்டு மாதத்தில் கல்யாணம் முடிந்தது. அழைப்பிதழில் அப்பாவின் பெயரைப் போட்டு, தங்கள் வரவை விரும்புவதாக அச்சடித்தார்கள். வராதவர் மற்றவர்களின் வரவை விரும்பினார், த்தூ. அதற்கப்புறம்தான் மாமா பேப்பரில் 'காணவில்லை' விளம்பரம் கொடுத்தார், அதுவும் யோசித்து யோசித்து ஒரு தமிழ்ப் பேப்பரில். மாப்பிள்ளை வீட்டில் இங்கிலீஷ் பேப்பர்தான் வாங்குகிறார்களாம். குரோம்பேட்டையில் சலூன் என்று ஒன்று இருப்பதும், அங்கே தமிழ்ப் பேப்பர் கிடப்பதும் அவர் மூளைக்கு எட்டவில்லை.

அன்று சாயங்காலமே அத்தான், அக்காவின் புருஷன், பேப்பரோடு வந்து நின்றார். பின்னாலேயே அக்கா அழுதுகொண்டு வந்தாள். "உங்கப்பா ஒரிசால இல்ல இருக்கார்னீங்க?" என்றார். அக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்தப் படம் பழசு, அப்பாவுக்குக் கையிலும் உதட்டிலும் வெள்ளை உண்டு, அதனால்தான் அன்றைக்கு வெளியே அனுப்பினோம் என்று. அத்தான் பேப்பரில் இருந்த படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"எட்டு இருபது வண்டியா?" என்றார்.

"ஆமா" என்றாள் அக்கா.

"ஜன்னல் ஓரம் உக்காருவாரு. குடை வச்சிருப்பாரு. அவரா?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தான் குரோம்பேட்டையில் அதே வண்டியில் ஏறுகிறவர். தாம்பரத்திலேயே நிரம்பிவிடுகிற அந்தப் பெட்டியில், அப்பாவுக்குப் பக்கத்து இடம் மட்டும் எப்போதும் காலியாக இருக்குமாம். யாரும் உட்கார மாட்டார்கள். அத்தான் போய் உட்கார்ந்துகொள்வாராம். இரண்டு வருஷமாக. பெயர் கேட்டுக்கொண்டதில்லை. தினமும் பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படித்திருக்கிறார்கள்.

"ரெண்டு மாசமா காணோமேன்னு நெனச்சேன். மாத்தலாயிட்டார் போலன்னு விட்டுட்டேன். அவர் பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா நான் ஓடி வந்திருப்பேனே. அவரையா ஒளிச்சு வச்சீங்க?"

அந்த இடத்தில் பூமி பிளந்து எங்களை விழுங்கியிருக்க வேண்டும். பூமிக்கு அவ்வளவு ரோஷம் கிடையாது. மறுநாள் வந்த மாமாவிடம் அத்தான், சரியான அடையாளத்தைப் போலீசில் சொல்லுங்கள் என்றார். மாமா கொஞ்சமும் அசராமல், "மாப்ளே, அது உங்க பெரிய மனசு. எல்லாரும் அப்படி இருப்பாங்களா? அடுத்து சின்னவ இருக்காளே" என்று என்னைக் காட்டினார். அத்தான் என்னைப் பார்த்தார். வேண்டாம், எனக்குக் கல்யாணமே நடக்காவிட்டாலும் பரவாயில்லை, போய்ச் சொல்லுங்கள் என்று நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். என் கல்யாணம் என்று வந்தபின் அவரும் தானாகப் போய்ச் சொல்லத் தயங்கிவிட்டார். ஸ்டேஷன் எங்கள் காலேஜ் போகிற வழியில் இருந்தது. பஸ் தினமும் அதைத் தாண்டித்தான் போகும்.

இதற்கு நடுவில் மை போட்டுப் பார்க்கும் கூத்தும் நடந்தது. அத்தை எங்கிருந்தோ ஓர் ஆளைப் பிடித்து வந்தாள். அவன் வெற்றிலையில் மையைத் தடவி, உற்று உற்றுப் பார்த்து, "வடக்க... தண்ணி ஓரம்... கூட ஒரு பொம்பள தெரியுது" என்றான். அவ்வளவுதான், அத்தைக்குப் பிறவிப் பயன் கிடைத்துவிட்டது. சொந்தம் பூராவும் அந்தப் பொம்பளையை வளர்த்துப் பெரியவளாக்கியது. சிலர் அவளுக்குக் குழந்தைகூடப் பெற்றுக் கொடுத்தார்கள். வெளியே அனுப்பப்பட்டவர் என்பதைவிட ஓடிப்போனவர் என்பது சொல்ல எவ்வளவு சௌகரியம்! அம்மா மட்டும் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவள் நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் இருந்தன. கொலுவுக்குக் கூப்பிட்டால், குங்குமச் சிமிழை அவளிடம் நீட்டலாமா கூடாதா என்று பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பார்கள். பிறகு அவள் போவதை நிறுத்திக்கொண்டாள்.

நாலு வருஷம் கழித்து எனக்கும் கல்யாணம் ஆயிற்று, அதே ஸ்டுடியோ படத்தைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு. மாப்பிள்ளை வாத்தியார். முடிச்சு விழுந்த மூன்றாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் அப்பாவின் வெள்ளையைப் பற்றிச் சொன்னேன். "அதனாலென்ன?" என்றார், மோரை ஊற்றச் சொன்னார். அவ்வளவுதான். இந்த 'அதனாலென்ன'வுக்குப் பயந்துதான் நாலு வருஷம் என் அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். அடுத்த வாரமே ஸ்டேஷனுக்குப் போனேன்.

அதே ஏட்டு. நடுவில் எங்கெங்கோ மாற்றலாகிப் போய்த் திரும்பி வந்திருந்தார், தலை நரைத்திருந்தது. எங்கள் மனுவைத் தேடி எடுக்கச் சொல்லி, அதில் ஓர் அடையாளம் சேர்க்க வேண்டும் என்றேன். "இன்னா அடையாளம்?" என்றார். சொன்னேன். அவர் பேனாவை மூடி மேசை மேல் வைத்துவிட்டார்.

"ஒதட்லயா? ரெண்டு கையிலயுமா?"

"ஆமா சார்."

"ஏம்மா, இத்த அன்னிக்கு இன்னாத்துக்குமா சொல்லல? நான் கேட்டனே! வாயத் தொறந்து கேட்டனே உன்ன!" அவர் கத்தியதில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் தணிந்து சொன்னார். நாங்கள் மனு கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்த சமயமாம். தெற்கே ஓர் ஊரிலிருந்து ஒயர்லெஸ்சில் தகவல் வந்ததாம். "பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு ஆளு வியுந்து கெடந்தாராம். வாதத்துல கை கால் ஒரு பக்கம் இஸ்துகிச்சாம், ஆஸ்பத்திரில போட்டுக்கீறாங்க. பேரு கேட்டா முயிக்கிறாரு, எந்த ஊருன்னா மட்டும் தாம்பரம் தாம்பரம்ன்றாரு. கையிலயும் ஒதட்லயும் வெள்ளை கீது, உங்களாண்ட கம்ப்ளெயின்ட் எதுனா கீதான்னு கேட்டாங்கோ. நாந்தான் ஒரு நாள் பூரா குந்திகினு பைலு பைலா பாத்தேன். உங்க பைலையும் பாத்தேன்மா. மாநிறம்னு போட்டிருந்திச்சு. அப்டி எதுவும் இல்லன்னு அனுப்சிட்டேன்."

அத்தானோடு அந்த ஊருக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் யாருக்கும் ஞாபகம் இல்லை. பழைய நோட்டு ஒன்றில், பெயர் தெரியாத ஆண், இன்ன தேதியில் போய்விட்டார் என்று ஒரு வரி இருந்தது. செத்துப் போனாரா, நடந்து போனாரா, யாராவது கூட்டிப் போனார்களா? அந்த வரியில் அது இல்லை. மூன்று நாள் அந்த ஊர்த் தெருக்களில் அலைந்து, கோயில் வாசல், சத்திரம், பஸ் ஸ்டாண்டு என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். அப்பா கிடைக்கவில்லை. இன்று வரை கிடைக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் தாங்க மாட்டாள் என்று அத்தானிடம் சொன்னேன். பொய். அவள் என்னைப் பார்க்கப்போகிற பார்வையை நான் தாங்க மாட்டேன் என்பதுதான் நிஜம். கோழைகள் எப்போதும் அடுத்தவர் உடம்பைப் பற்றித்தான் கவலைப்படுவோம்.

தொண்ணூறுகளின் கடைசியில், அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆனதும், மாமா மறுபடி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ரிடையர் ஆகியிருந்தார், அத்தை பக்கத்தில் இருந்தாள். அக்கா, அத்தான், நான் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"பன்னெண்டு வருஷம் ஆயிட்டா சாஸ்திரத்துல வழி இருக்கு. தர்ப்பையில ஒரு உருவம் பண்ணி, அதை எரிச்சு, முறைப்படி எல்லாக் காரியத்தையும் முடிச்சுடலாம். அய்யர்கிட்ட பேசிட்டேன். பாவம், அவர் ஆத்மா அலையக் கூடாது."

"ஆத்மா அலையறதைப் பத்தி உங்களுக்கென்ன மாமா? ஆளையே அலைய விட்டவங்கதானே நாம" என்றேன். அவர் முகம் சிவந்தது. "என்னடி பேச்சு இது? குடும்பத்தை விட்டுட்டு ஓடினவருக்கு நான் கரையேத்த வழி பாக்கறேன், நீ..." என்று ஆரம்பித்தார். ஓடினவர். அந்த வார்த்தையோடு என் பொறுமை தீர்ந்தது. ஒயர்லெஸ்சில் வந்த தகவலை, ஆஸ்பத்திரி நோட்டை, மூன்று நாள் அலைந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அத்தை அழ ஆரம்பித்தாள், அவளுக்கு அழுகை எப்போதும் கைவசம் இருக்கும். அம்மா சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் பயந்த பார்வையை அவள் பார்க்கவில்லை. என் பக்கமாக நகர்ந்து வந்து, காது கேளாதவள் கேட்கிற மாதிரி முகத்தை முன்னால் நீட்டிக் கேட்டாள்.

"தாம்பரம்னு சொன்னாரா? அவரே சொன்னாரா?"

"ஆமாம்மா."

"பேரு மறந்துட்டாரு. தாம்பரத்தை மறக்கல."

"ஆமாம்மா."

"அப்ப கோவம் இல்ல." அவள் மாமாவைப் பார்த்துச் சொன்னாள், பிறகு அக்காவைப் பார்த்து, பிறகு அத்தானைப் பார்த்து. "கோவத்துல போகல. வீட்டுக்கு வரணும்னுதான் இருந்திருக்காரு." பன்னிரண்டு வருஷத்தில் அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, ஏனென்றால் அடுத்து அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாமாவுக்கும் தெரிந்துவிட்டது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதுக்கு நம்ம என்ன பதில் சொன்னோம்?" என்றாள் அம்மா.

மாமா என்னைப் பார்த்தார். எழுதியவள் நான்தான்.

"அப்படி ஒருத்தரை இங்க யாரும் தேடலைன்னு சொன்னோம்மா" என்றேன்.